பெரோவ்ஸ்கைட் சோலார் செல்: பதம் பார்த்து வளர்க்கும் படிகம்

ஒரு சிறிய கண்ணாடித் துண்டு. அதன் மேல் மஞ்சள் நிறக் கரைசல் சில துளிகள். கண்ணாடியை நிமிடத்துக்கு நாலைந்தாயிரம் சுற்று வேகத்தில் சுழலவிட்டால், கரைசலில் பெரும்பகுதி விசிறியடிக்கப்பட்டு மீதி மெல்லிய ஈரப் படலமாகப் பரவும். அது சுழன்றுகொண்டிருக்கும்போதே, சரியான நொடி பார்த்து, பிப்பெட்டிலிருந்து இன்னொரு திரவத்தை நடுவில் விட வேண்டும். பிறகு கண்ணாடியை எடுத்து 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்தால் படலம் கண்ணெதிரே கருத்துப்போகும். கண்ணாடி போலப் பளபளக்கும் கரும்பழுப்பு வந்தால் நல்ல செல். சாம்பல் பூத்தாற்போல் மங்கலாக வந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் பல சமயம் இரண்டு மூன்று நொடிதான்.

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சியவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. வெல்லம் அதே வெல்லம், அரிசி மாவு அதே மாவு, அடுப்பும் அதே அடுப்பு. பாகு ஒரு நிமிடம் பிந்தினால் அதிரசம் கல்லாகிறது, முந்தினால் எண்ணெயில் பிரிந்துபோகிறது. பெரோவ்ஸ்கைட் ஆய்வின் கடந்த பதினைந்து ஆண்டு வரலாற்றையும் பதம் பிடிக்கப் பழகிய கதை என்றே சொல்லலாம். செய்திகளில் 'புதிய அதிசயப் பொருள்' என்று வருவதெல்லாம் பெரும்பாலும் 2009-இலேயே கையில் இருந்த பொருள்தான். அதை ஒழுங்காகப் படிகமாக்கத் தெரிந்த பிறகே திறன், அதாவது விழும் ஒளியில் மின்சாரமாக மாறும் பங்கு, ஏறத் தொடங்கியது.

பெரோவ்ஸ்கைட் என்பது முதலில் ஒரு கனிமத்தின் பெயர். யூரல் மலையிலிருந்து கிடைத்த கால்சியம் டைட்டனேட்டை 1839-இல் ஆராய்ந்த குஸ்தாவ் ரோஸ், லெவ் பெரோவ்ஸ்கி என்ற ரஷ்யரின் பெயரை அதற்கு வைத்தார். சோலார் செல்லில் இருப்பது அந்தக் கனிமம் அல்ல, அதே கட்டமைப்பு கொண்ட வேறொரு சேர்மம். ஈய அணு ஒன்றைச் சுற்றி ஆறு அயோடின். இப்படி ஆன எண்முகிகள், அதாவது எட்டு முக வடிவங்கள், மூலைக்கு மூலை கைகோத்து நிற்கும். அவற்றுக்கு நடுவே உருவாகும் கூட்டுக்குள் மெத்திலமோனியம், ஃபார்மமிடினியம், சீசியம் என்று ஏதாவது ஓர் அயனி உட்கார்ந்திருக்கும். மெத்திலமோனிய வகையை 1978-லேயே ஜெர்மனியில் டீட்டர் வெபர் தயாரித்து எழுதிவைத்தார். அதைச் சூரிய ஒளியில் வைத்து மின்சாரம் எடுத்தவர்கள் ஜப்பானின் யோகோகாமா தோயின் பல்கலைக்கழகத்தில் சுத்தோமு மியாசாகாவின் குழுவினர். ஆண்டு 2009, திறன் 3.8 சதவீதம். அந்தச் செல்லில் திரவ மின்பகுளி இருந்தது. பெரோவ்ஸ்கைட் அதில் கொஞ்ச நேரத்திலேயே கரைந்துபோனது.

2012-இல் திரவத்தை எடுத்துவிட்டுத் திடப்பொருளை வைத்தார்கள். கொரியாவின் பார்க் நாம்-கியூவும் சுவிட்சர்லாந்தின் மைக்கேல் கிரெட்சலும் ஒரு பக்கம், ஆக்ஸ்ஃபோர்டின் ஹென்றி ஸ்னெய்த் மியாசாகாவோடு சேர்ந்து இன்னொரு பக்கம். திறன் ஏறத்தாழ 10 சதவீதத்தைத் தொட்டது. இன்று ஆய்வகச் செல்கள் 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. சிலிக்கான் 1954-இல் பெல் ஆய்வகத்தில் 6 சதவீதத்தில் தொடங்கி அந்த இடத்துக்கு வர அறுபது ஆண்டுக்கு மேல் ஆனது.

குறையோடு பிழைக்கும் பொருள்

சிலிக்கான் செல்லுக்கு மூலப்பொருளை 1,414 டிகிரியில் உருக்கி, ஒரு விதைப் படிகத்தை அதில் தொட்டு, மெல்ல மெல்ல மேலே இழுக்கிறார்கள். மணிக்கணக்கில் நடக்கிற வேலை. வெளியே வருவது ஆளுயரத்துக்கும் மேலான ஒற்றைப் படிகம். அதைச் சுமார் 150 மைக்ரான் தடிமனில் சீவுகிறார்கள்.

பெரோவ்ஸ்கைட்டின் தடிமன் அரை மைக்ரான். சிலிக்கான் சீவலில் முந்நூறில் ஒரு பங்கு. அது வளர்வதற்குக் கிடைக்கும் அவகாசம் சில நொடியிலிருந்து சில நிமிடம் வரை, சூடு 100 முதல் 150 டிகிரி. இப்படி அவசரமாக வளரும் படலம் ஒற்றைப் படிகமாக இருக்க முடியாது. உப்பளத்தில் குவித்த உப்பைப் போல மணி மணியாக இருக்கும். ஒவ்வொரு மணியும் ஒரு படிகம், மணிக்கு மணி திசை வேறு. இரண்டு மணிகள் உரசும் எல்லையில் அணு வரிசை அறுபட்டுக் கிடக்கும். இவை தவிர மணிக்குள்ளேயே அயோடின் இல்லாத வெற்றிடங்கள், இடம் மாறி உட்கார்ந்த அணுக்கள்.

இவ்வளவு குறையோடு சிலிக்கானைச் செய்தால் அது செல்லாகவே வேலை செய்யாது. பெரோவ்ஸ்கைட் செய்கிறது. காரணம், இந்தப் பொருளில் எளிதாக உண்டாகும் குறைகளில் பெரும்பாலானவை எலெக்ட்ரானை ஆழமாகப் பிடித்து வைப்பதில்லை. வழியில் ஒரு சிறு பள்ளம் மாதிரி. எலெக்ட்ரான் தடுக்கி விழும், எழுந்து போய்விடும். சிலிக்கானில் அதே இடத்தில் கிணறு இருக்கும்.

குறையைப் பொறுத்துக்கொள்ளும் என்றால் அப்புறம் படிகத் தரத்துக்காக ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? நியாயமான கேள்வி. தொடக்கத்தில் பலரும் இப்படித்தான் நினைத்தார்கள். ஒளி விழுந்ததும் உண்டாகும் எலெக்ட்ரானும் அது விட்டுப்போன துளையும் அரை மைக்ரான் நடந்தால் போதும், மின்முனை வந்துவிடும். சாதாரணப் படலத்திலேயே அவை ஒரு மைக்ரானுக்கு மேல் போக முடியும் என்று 2013-இல் ஆக்ஸ்ஃபோர்டில் அளந்து காட்டினார்கள். ஒற்றைப் படிகமாக வளர்த்தால் 175 மைக்ரானுக்கும் மேல் போகும் என்று 2015-இல் நெப்ராஸ்காவில் ஹுவாங் ஜின்சொங்கின் குழு சொன்னது. ஒரு கன சென்டிமீட்டருக்கு எலெக்ட்ரானைப் பிடிக்கும் குறைகள் எத்தனை என்ற கணக்கிலும் இதே இடைவெளிதான். நல்ல ஒற்றைப் படிகத்தில் ஆயிரம் கோடியை ஒட்டியோ அதற்குக் கீழோ. மணி மணியான படலத்தில் அதைப்போல லட்சம் மடங்கும், சில சமயம் அதற்கு மேலும்.

தேவைக்கு மேலேயே தூரம் கிடைக்கிறது. அதனால் மின்னோட்டத்துக்குப் பெரிய குறையில்லை. அடி விழுவது மின்னழுத்தத்தில். இயற்பியலாளர் எலி யப்லோனோவிச் இதை அழகாகச் சொல்வார்: நல்ல சோலார் செல் நல்ல எல்.இ.டி.யாகவும் இருக்க வேண்டும். எலெக்ட்ரானும் துளையும் மறுபடி சேர்ந்தே தீரும் என்றால், அது ஒளியாக வெளியே வர வேண்டும். குறை உள்ள இடத்தில் சேர்ந்தால் ஒளி வராது, வெப்பமாக வீணாகும். ஒளிரும் திறன் பத்தில் ஒன்றாகக் குறையும் ஒவ்வொரு முறையும் செல்லின் மின்னழுத்தத்தில் சுமார் 60 மில்லிவோல்ட் போய்விடும். மொத்தமே 1.1, 1.2 வோல்ட் தரும் செல்லில் இது சின்ன இழப்பல்ல. 20 சதவீதத்துக்கு மேல் ஏறிய ஒவ்வொரு படியும் பெரும்பாலும் இந்த மில்லிவோல்ட்டுகளைத் திரும்பப் பிடித்ததால் வந்தது.

கரு பிறக்கும் நேரம்

கரைசலிலிருந்து படிகம் எப்படி வருகிறது என்பதற்கு இந்தத் துறையில் எல்லோரும் வரையும் ஒரு படம் உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் விக்டர் லாமெர் 1950-இல் கந்தகத் துகள்களைப் பற்றி எழுதியபோது கொடுத்த விளக்கம் அது. கரைப்பான் ஆவியாகிக்கொண்டே போகிறது, கரைசல் கெட்டியாகிறது. தெவிட்டு நிலையைத் தாண்டிவிட்டாலும் உடனே படிகம் வந்துவிடாது. அதிதெவிட்டிய நிலையில் கொஞ்ச தூரம் போகும். ஒரு எல்லையைத் தாண்டும்போதுதான் சடாரென்று கருக்கள் பிறக்கும். பிறந்த கருக்கள் கரைபொருளை இழுத்துக்கொள்வதால் செறிவு இறங்கும். அதற்குப் பிறகு புதிய கரு பிறக்காது, இருக்கிற கருவே வளரும்.

இதை நாம் சமையலறையில் தினமும் பார்க்கிறோம். ஜாமூன் பாகை ஆட்டாமல் அசைக்காமல் ஆறவிட்டால் தெளிவாகவே இருக்கும். கரண்டி விட்டுக் கிளறினால் சர்க்கரை பூத்துவிடும், எங்கு பார்த்தாலும் பொடிப் படிகம். கற்கண்டு வேண்டுமென்றால் நூலைத் தொங்கவிட்டு நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். கரு குறைவு, வளர்ச்சி நிதானம், அதனால் கட்டி பெரிது.

இப்போது பெரோவ்ஸ்கைட்டின் சிக்கல் புரியும். கரைசலைச் சுழற்றி அப்படியே காயவிட்டால் செறிவு மெல்ல ஏறும். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கரு பிறக்கும். ஒவ்வொன்றும் ஊசி ஊசியாக, மரக்கிளை போல வளரும். கிளைகளுக்கு நடுவே வெறும் கண்ணாடி தெரியும். அந்த ஓட்டை வழியாக மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் தொட்டுக்கொண்டால் மின்சாரம் உள்ளேயே கசிந்துவிடும். 2012, 2013 வாக்கில் வெளிவந்த பல படலங்களின் நுண்ணோக்கிப் படங்களைப் பார்த்தால் வெடித்த வயல் மாதிரி இருக்கும். கற்கண்டு மாதிரி பெரிய மணியும் வேண்டும், ஊசிமுனை இடம்கூட விடாமல் தரையை மூடவும் வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்.

2013-இல் இதைச் சுற்றிப் போக இரண்டு வழிகள் வந்தன. கிரெட்சலின் குழு முதலில் ஈய அயோடைடை மட்டும் பூசி, அதை மெத்திலமோனிய அயோடைடு கரைசலில் முக்கி எடுத்தது. ஸ்னெய்த்தின் குழு வெற்றிடத்தில் இரண்டு பொருளையும் ஆவியாக்கிப் படியவைத்தது. இரண்டும் 15 சதவீதம் அளவுக்கு வந்தன.

திருப்பம் 2014-இல் கொரியாவில் வந்தது. டேஜோனில் உள்ள வேதித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் சொக் சங்-இல் குழுவினர் கரைப்பானையே ஆயுதமாக்கினார்கள். காமா பியூட்டிரோலாக்டோனும் டைமெத்தில் சல்ஃபாக்சைடும் 7:3 விகிதத்தில் கலந்த கரைப்பான். சுழலும்போது டொலுயீன் ஊற்றினார்கள். டொலுயீனில் பெரோவ்ஸ்கைட் கரையாது. அது விழுந்த கணத்தில் மற்றக் கரைப்பான்கள் அடித்துச் செல்லப்பட, கரைசல் ஒரே தாவில் லாமெர் சொன்ன எல்லையைத் தாண்டிவிடும். படலம் முழுக்க ஒரே நேரத்தில் கோடிக்கணக்கான கருக்கள். இந்த வேலையைச் செய்யும் திரவத்துக்கு எதிர்க் கரைப்பான் என்று பெயர். ஏறத்தாழ அதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழு ஒன்று குளோரோபென்சீனை வைத்து இதே போன்ற வித்தையைச் செய்தது.

என்னைக் கேட்டால், கொரியர்களின் உண்மையான சாமர்த்தியம் டொலுயீனில் இல்லை, டைமெத்தில் சல்ஃபாக்சைடில் இருக்கிறது. அந்த மூலக்கூறின் ஆக்சிஜன் ஈயத்தைப் பிடித்துக்கொள்ளும், சீக்கிரம் விடாது. டொலுயீன் விழுந்ததும் பெரோவ்ஸ்கைட் வருவதற்குப் பதிலாக, ஈய அயோடைடு, மெத்திலமோனிய அயோடைடு, சல்ஃபாக்சைடு மூன்றும் சேர்ந்த ஓர் இடைநிலைப் படலம் வருகிறது. வெளிறிய நிறம், வழுவழுப்பான பரப்பு, ஓட்டை கிடையாது. இதைச் சூட்டில் வைக்கும்போதுதான் சல்ஃபாக்சைடு மெல்லக் கழன்றுபோய்ப் படிகம் அதன் இடத்தில் வளர்கிறது. மூடுகிற வேலை ஒரு கட்டம், வளர்க்கிற வேலை வேறு கட்டம் என்று பிரித்துவிட்டார்கள். முரண் அவிழ்ந்தது. ஜாமூன் பாகு பூக்காமல் இருக்க இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுகிறோமே, வேதியியல் வேறு என்றாலும் நோக்கம் அதுதான்: படிகம் அவசரப்படாமல் ஒருவர் கையைப் பிடித்து நிறுத்துவது.

எந்த எதிர்க் கரைப்பான் நல்லது என்று அடுத்த சில ஆண்டுகள் பெரிய விவாதம் நடந்தது. டொலுயீன், குளோரோபென்சீன், ஈதர், எதில் அசிடேட் என்று ஆளுக்கொரு கட்சி. 2021-இல் டிரெஸ்டனில் யானா வெய்ன்சோஃபின் குழு 14 எதிர்க் கரைப்பான்களை எடுத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தது: ஊற்றும் வேகம். சிலவற்றைச் சட்டென்று ஊற்ற வேண்டும், சிலவற்றை மெதுவாக விட வேண்டும், சிலவற்றுக்கு எப்படி ஊற்றினாலும் சரி. வேகம் சரியாக இருந்தால் அந்த 14-இல் ஏறத்தாழ எதை வைத்தும் நல்ல செல் செய்ய முடிந்தது. அதற்கு முன் 'இந்தத் திரவம் உதவாது' என்று எழுதியவர்களில் பலர் பிப்பெட்டை அழுத்திய தங்கள் கட்டைவிரலைத்தான் அளந்திருக்கிறார்கள்.

ஈரப்பதமும் இதே மாதிரி விளையாடியது. தண்ணீர் பெரோவ்ஸ்கைட்டின் பரம எதிரி. அதனால் எல்லாவற்றையும் நைட்ரஜன் நிரப்பி, கையுறை பொருத்தி மூடிய கிளவ் பாக்ஸ் என்ற பெட்டிக்குள் செய்வது வழக்கம். ஆனால் 2014-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் யாங் யாங்கின் குழு, சுமார் 30 சதவீத ஈரப்பதத்தில் படலத்தை வளர்த்து 19.3 சதவீதம் எட்டியது. கொஞ்சமே கொஞ்சம் ஈரம், மணி எல்லைகளில் அயனிகளை நகரவிட்டு, சின்ன மணிகளைப் பெரியவற்றோடு சேர உதவுகிறது. அளவு கூடினால் அதே ஈரம் படலத்தைத் தின்றுவிடும். வெளியே மழை பெய்கிறதா வெயிலா என்பதைப் பொறுத்து செல்லின் திறன் மாறுகிறது என்றால் அதை எப்படித் தொழிற்சாலைக்குக் கொண்டுபோவது? இந்தத் துறைக்கு மறுபடி செய்தால் வராது என்ற கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டதில் இதற்கும் பங்கு உண்டு.

பெரிய மணி, நல்ல மணி

2015-இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தினர் சூடான கண்ணாடியில் சூடான கரைசலை ஊற்றி, மில்லிமீட்டர் அளவுள்ள மணிகளை வளர்த்துக் காட்டினார்கள். சாதாரண மணியைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல் பெரியது. அதன் பிறகு யார் மணி பெரிது என்று ஒரு போட்டியே நடந்தது. கட்டுரைக்குக் கட்டுரை மின்னணு நுண்ணோக்கிப் படம், பக்கத்தில் அளவுகோல். எனக்கு இதில் அரை மனதுதான். அந்தப் படத்தில் தெரிவது மேற்பரப்பின் மேடு பள்ளம். ஒரே மேடாகத் தெரிவது உள்ளே திசை மாறிய நாலைந்து படிகங்களின் கூட்டாகவும் இருக்கலாம். நுண்ணோக்கிப் படத்தை மட்டும் பார்த்துப் படிகத் தரத்தைச் சொல்வது, பலாப்பழத்தைத் தோலைப் பார்த்து விலை பேசுவது மாதிரி.

அதே 2015-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜிஞ்சரின் குழு, படலம் எங்கெங்கே எவ்வளவு ஒளிர்கிறது என்று புள்ளி புள்ளியாகப் பார்த்தது. எதிர்பார்த்தபடி எல்லைகள் மங்கலாக இருந்தன, ஆனால் முழுக்க இருண்டுவிடவில்லை. எதிர்பாராதது வேறு: பக்கத்துப் பக்கத்தில் ஒரே அளவில் உள்ள மணிகளில் ஒன்று பிரகாசமாகவும் மற்றொன்று மங்கலாகவும் இருந்தது. மணியின் அளவு ஒன்றுதான், உள்ளே இருக்கிற குறை வேறு. அளவைவிட முக்கியமான ஒரு விஷயம், மணி நிற்கும் விதம். எலெக்ட்ரான் மேலும் கீழுமாகப் போகிறது, பக்கவாட்டில் அல்ல. மணி அகலத்தில் சிறியதாக இருந்தாலும், அடியிலிருந்து மேல்வரை ஒரே படிகமாக, தூண் மாதிரி நின்றால் எலெக்ட்ரான் எந்த எல்லையையும் தாண்ட வேண்டியதில்லை. இரண்டு மூன்று மணி அடுக்கடுக்காக இருந்தால் ஒவ்வொரு எல்லையிலும் சுங்கம் கட்டிவிட்டுப் போக வேண்டும்.

எல்லைகளை ஒழிக்க முடியாது என்றால் அவற்றை அடைத்துவிடலாம். 2019-இல் பெய்ஜிங்கில் யூ ஜிங்பியின் குழு, படலத்தின் மேல் ஃபினைல்எதில் அமோனிய அயோடைடைப் பூசியது. அது அயோடின் விட்டுப்போன இடங்களில் போய் உட்கார்ந்தது. திறன் 23.3 சதவீதம். 2021-இல் கொரியாவின் உல்சான் குழுவும் கிரெட்சலும் ஃபார்மேட் என்ற சின்னஞ்சிறு அயனியைக் கரைசலிலேயே கலந்து 25.6 சதவீதம் எட்டினார்கள். அதுவும் அயோடின் காலி இடத்தை நிரப்புகிறது, கூடவே படிகம் வளரும் வேகத்தையும் அடக்குகிறது. ஓட்டையை அடைப்பது வேறு, ஓட்டையில்லாமல் வளர்ப்பது வேறு என்று பிரித்துப் பேசுவது வழக்கம். நல்ல சேர்மானப் பொருட்கள் இரண்டையும் ஒரேயடியாகச் செய்துவிடுகின்றன.

மஞ்சளும் கருப்பும்

இதுவரை சொன்னது படிகம் எப்போது, எந்த வேகத்தில் வளர்கிறது என்பது. எந்தப் படிகம் வளர்கிறது என்பது தனிச் சிக்கல். கூட்டுக்குள் உட்காரும் அயனி சரியான அளவில் இருந்தால்தான் கூடு நிற்கும் என்று விக்டர் கோல்ட்ஷ்மிட் 1926-லேயே ஒரு கணக்குப் போட்டார். மெத்திலமோனியம் கூட்டுக்குப் பொருந்துகிறது, ஆனால் சூட்டில் கழன்று ஓடிவிடுகிறது. ஃபார்மமிடினியம் சூட்டைத் தாங்கும், சூரிய ஒளியையும் இன்னும் அதிகமாக உறிஞ்சும், ஆனால் கொஞ்சம் பெரிய ஆள். 150 டிகிரியை ஒட்டிய சூட்டில் அது கருப்புப் படிகமாகிறது. அறை வெப்பநிலையில் விட்டால் மெல்ல மஞ்சளாகிவிடும். மஞ்சள் நிலையில் எண்முகிகள் கைகோக்கும் விதமே வேறு, மின்சாரத்துக்கு உதவாது. சீசியமோ சின்ன ஆள், தனியாகக் கூட்டில் கிடுகிடுவென்று ஆடும்.

2016-இல் மைக்கேல் சலிபாவும் லோசான் குழுவினரும் பெரியது, நடுத்தரம், சிறியது மூன்றையும் ஒரே கூட்டமைப்பில் கலந்தார்கள். சீசியம் சுமார் 5 சதவீதம் மட்டும். மஞ்சள் நிலை ஒதுங்கியது, 21.1 சதவீதம் கிடைத்தது. அதைவிடப் பெரிய லாபம், ஒரே நாளில் இருபது செல் செய்தால் இருபதும் ஏறத்தாழ ஒரே மாதிரி வரத் தொடங்கியதுதான். பிறகு இந்தக் கலவையை விட்டு, முடிந்தவரை தூய ஃபார்மமிடினியத்துக்கே பலர் திரும்பினார்கள். துணைக்கு மெத்திலமோனிய குளோரைடு. வளரும்போது கருப்புப் படிகத்துக்கு முட்டுக்கொடுத்துவிட்டு, சூட்டில் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும். கான்கிரீட் இறுகும்வரை நிற்கும் சாரம் மாதிரி.

அடியில் கிடப்பது

மேற்பரப்பைப் பார்த்துப் பார்த்துச் சலித்தபின் சிலர் படலத்தை உரித்து அடிப்பக்கத்தைப் பார்த்தார்கள். அங்கே குழி குழியாக வெற்றிடங்கள். குற்றவாளி, 2014-இல் கதாநாயகனாக இருந்த அதே சல்ஃபாக்சைடு. படிகமாகும் வேலை மேலிருந்து கீழே நடக்கிறது. மேலே ஓடு கட்டிவிடுகிறது, அடியில் மாட்டிக்கொண்ட சல்ஃபாக்சைடு கடைசியில் வெளியேறும்போது அது இருந்த இடம் காலியாகிறது. வெயில் பட்டால் பெரோவ்ஸ்கைட் சிதையத் தொடங்குவது இந்தக் குழிகளில்தான். 2021-இல் ஹுவாங்கின் குழு, அப்போது வட கரோலைனாவில், சல்ஃபாக்சைடில் ஒரு பங்கை எடுத்துவிட்டு கார்போஹைட்ரசைடு என்ற திடப்பொருளைக் கலந்தது. அதுவும் ஈயத்தைப் பிடிக்கும், ஆனால் ஓடிப்போகாது, படலத்திலேயே தங்கிவிடும். குழிகள் பெருமளவு மறைந்தன.

படிகத் தரம் திறனுக்கு மட்டும் என்று நினைத்திருந்த காலம் இப்படித்தான் முடிந்தது. அயோடைடு அயனிகள் மின்புலத்தில் நகர்வது மணி எல்லைகள் வழியாகத்தான் வேகமாக நடக்கிறது. ஈரம் நுழைவதும் அதே வழி. புரோமைடு அதிகம் கலந்த படலங்களில் வெளிச்சம் பட்டால் புரோமைடும் அயோடைடும் தனித்தனித் திட்டுகளாகப் பிரிகின்றன. சிலிக்கான் மேல் பெரோவ்ஸ்கைட்டை அடுக்கும் இரட்டைச் செல்லுக்கு இந்தப் புரோமைடு கலவைதான் தேவை. அந்த வகையில் சீனாவின் லாங்கி நிறுவனம் 34 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. தனிச் சிலிக்கானால் கோட்பாட்டளவில்கூட எட்ட முடியாத எண் அது. ஆனால் கூரையில் ஏற வேண்டுமென்றால் 85 டிகிரி சூட்டிலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் 1,000 மணி நேரம் தாங்கும் சோதனை காத்திருக்கிறது, அதற்குப் பிறகு இருபத்தைந்து ஆண்டு வெயில்.

கட்டைவிரலை விட்டு

கட்டைவிரல் நகத்தளவு செல்லுக்கு எதிர்க் கரைப்பானைச் சொட்டுச் சொட்டாக விடலாம். கதவு அகலத்துக்கு ஒரு கண்ணாடியைச் சுழற்ற முடியாது. சுழற்றினாலும் கரைசலில் பெரும்பகுதி வீண், அதுவும் ஈயம் கலந்தது. டைமெத்தில் ஃபார்மமைடு போன்ற நச்சுக் கரைப்பான்களைத் தொட்டிக் கணக்கில் கையாள எந்தத் தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரியும் சும்மா விடமாட்டார்.

அதனால் அந்த ஒரு நொடியை வேறு வழியில் உருவாக்கப் பார்க்கிறார்கள். 2016-இல் கிரெட்சலின் குழு, ஈரப் படலத்தை வெற்றிட அறையில் வைத்துக் காற்றைச் சட்டென்று உறிஞ்சி, ஒரு சதுர சென்டிமீட்டர் செல்லில் 20 சதவீதத்தை எட்டியது. வேறு சிலர் கத்தி போன்ற அலகு ஒன்றால் கரைசலைத் தடவிக்கொண்டே போய், பின்னாலேயே மெல்லிய கத்தி மாதிரி நைட்ரஜன் காற்றை ஊதுகிறார்கள். ஹுவாங்கின் குழு 2019-இல் இதற்கென்றே சீக்கிரம் பறக்கும் கரைப்பானையும் நின்று நிதானிக்கும் கரைப்பானையும் கலந்து கொடுத்தது. முன்னது உலர்த்த, பின்னது வளர்க்க. கொரியர்களின் 2014 யோசனைதான், டொலுயீனுக்குப் பதில் காற்று. திரவமே வேண்டாம் என்று ஆவியாக்கிப் படியவைக்கும் வழிக்குத் திரும்பியவர்களும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்ட் பிவி நிறுவனம் ஜெர்மனியின் பிராண்டன்பர்க் ஆலையிலிருந்து 2024 செப்டம்பரில் இரட்டைச் செல் பேனல்களை அமெரிக்காவுக்கு விற்பனையாக அனுப்பியது. அந்தப் பேனல்களின் திறன் 24.5 சதவீதம். சாதனைச் செல்லுக்கும் பேனலுக்கும் நடுவே உள்ள தூரத்தில் மின்கம்பி இழப்பு, கண்ணாடி எதிரொளிப்பு எல்லாம் உண்டு. ஆனால் ஒரு பெரிய பரப்பில் எந்த மூலையிலும் படிகம் பிசகாமல் வர வேண்டும் என்பதும் அதில் ஒரு பங்கு.

அலகு தடவிக்கொண்டு போகும் கண்ணாடியை மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் ஈரமான மஞ்சள், மறுபக்கம் காய்ந்து பழுப்பேறிய படலம். நடுவே ஒரு கோடு. கருக்கள் பிறக்கும் இடம் அதுதான். கண்ணாடி நகர்ந்துகொண்டே இருக்க, அந்தக் கோடு மட்டும் காற்றுக் கத்திக்குக் கீழே அசையாமல் நிற்க வேண்டும். முன்னே போனால் கரைசல் பூக்கும் முன் அடித்துச் செல்லப்படும், பின்னே போனால் ஊசிப் படிகம். அதைக் கவனிக்கக் கேமராவையும் லேசரையும் வைத்து, கோடு ஒரு மில்லிமீட்டர் பிசகினால் காற்றின் வேகத்தையோ கண்ணாடியின் வேகத்தையோ திருத்தும் ஏற்பாடுகளில்தான் இப்போது பல குழுக்கள் மும்முரமாக இருக்கின்றன.